முதலில் ஃபேனை நிறுத்துங்கள்

வீட்டிலிருந்தே பாட்காஸ்ட் செய்வது பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி "எந்த மைக் வாங்கலாம்?" என்பதுதான். பதில் சொல்பவர் வானொலியில் ஒலித்தொகுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை நான். சின்ன வயதில் எங்கள் தெருவில் கேட்ட கதைகளைப் பேரப்பிள்ளைகளுக்காகப் பாட்காஸ்ட் ஆக்க ஆசை. மாப்பிள்ளை லேப்டாப்பில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவுச் செயலியைப் போட்டுக்கொடுத்தார். கூடத்தில் உட்கார்ந்து பேசிப் பார்த்தேன். கிணற்றுக்குள் இருந்து பேசுவது போலக் கேட்கிறது. பத்தாயிரம் ரூபாய்க்கு மைக் வாங்கலாம் என்கிறார். வாங்கட்டுமா?
- வாசகி, கும்பகோணம்

மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளக் கூடாது. இப்போதைக்கு வேண்டாம் அம்மா.

நீங்கள் அனுப்பிய பதிவைக் கேட்டேன். குரலில் ஒரு குறையும் இல்லை. கடைசி பெஞ்சுவரை எட்டிய குரல் என்பது முதல் வரியிலேயே தெரிகிறது. குறையெல்லாம் கூடத்தில். மொசைக் தரை, வெற்றுச் சுவர், திரை இல்லாத ஜன்னல். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் ஒருமுறை நேராக மைக்குக்கு வருகிறது. பிறகு சுவர் சுவராக மோதிவிட்டு இன்னொரு முறை வருகிறது. அந்த இரண்டாவது வருகையைத்தான் கிணறு என்கிறீர்கள். இதே கூடத்தில் விலையுயர்ந்த மைக்கை வைத்தால் கிணறு இன்னும் துல்லியமாகக் கேட்கும். அதிலும் கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டும் கண்டென்சர் மைக் என்றால் அடுத்த வீட்டுக் குக்கர் விசிலும் சேர்ந்து விழும்.

படுக்கையறைக்குப் போங்கள். மெத்தை, தலையணை, மடித்த போர்வை, தொங்கும் புடவைகள் எல்லாம் ஒலியைக் குடிக்கும். துணி அடுக்கிய மர அலமாரி இருந்தால் கதவைத் திறந்துவைத்து அதன் முன்னால் உட்காருங்கள். இரும்பு பீரோ பக்கம் மட்டும் போகாதீர்கள். நீங்கள் குரலை உயர்த்தும்போதெல்லாம் அதன் கதவும் கூடவே ரீங்காரமிடும்.

அடுத்தது தூரம். இதைத்தான் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். லேப்டாப்பை மேசையில் வைத்துக் கை நீட்டும் தூரத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறீர்கள். சுமார் 60 சென்டிமீட்டர். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் (ஒலியின் அளவைச் சொல்லும் அலகு) கூடும். 60-ஐ 15 ஆக்கினால், அதாவது ஒரு சாணுக்கும் கொஞ்சம் குறைவாக நெருங்கினால், 12 டெசிபல். அறையின் எதிரொலியும் தெருச் சத்தமும் இருந்த அளவிலேயே இருக்கும். குரல் மட்டும் அவற்றைவிட 12 டெசிபல் மேலே நிற்கும். பிறகு ரெக்கார்டிங் அளவைக் குறைத்தால் இரைச்சலும் சேர்ந்து இறங்கிவிடும். செலவு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வது. இதே 12 டெசிபலைச் செயலியில் பிழிந்தெடுக்க ஜனங்கள் படும் பாட்டைக் கீழே இன்னொரு வாசகர் கேள்வியில் பாருங்கள்.

நெருங்கினால் "பாட்டி", "பாம்பு" என்று சொல்லும்போது பகரக் காற்று மைக்கில் குத்தும். மைக்கை வாய்க்கு நேர் எதிரே வைக்காமல் வாய் ஓரத்துக்குத் தள்ளி வையுங்கள். காற்று நேரே போய்விடும், குரல் மட்டும் மைக்கில் விழும்.

ஃபேனை நிறுத்துங்கள். ஏசி இருந்தால் அதையும். கும்பகோணத்துச் சித்திரை வெயிலில் இது கொடுமைதான். அதனால்தான் பத்து நிமிடம் பேசு, ஐந்து நிமிடம் ஃபேன் போடு என்று பிரித்துக்கொள்ளச் சொல்கிறேன். ஃபிரிட்ஜ் சத்தம் அறைவரை வந்தால் அதையும் அணையுங்கள். அணைத்துவிட்டு மறந்துபோனால் பால் திரிந்துவிடும் இல்லையா? படப்பிடிப்புக்குப் போகும் ஒலிப்பதிவாளர்கள் ஒரு வேலை செய்வார்கள்: வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவார்கள். சாவி இல்லாமல் கிளம்ப முடியாது. எடுக்கப் போகும்போது ஸ்விட்ச் ஞாபகம் வரும். நீங்கள் மூக்குக் கண்ணாடிக் கூட்டை வையுங்கள்.

பதிவின்போது லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத வீட்டில் அந்த 50-உம் அதன் மடங்குகளான 100, 150-உம் "ம்ம்ம்" என்று பதிவுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். இன்வெர்ட்டரில் ஓடும் நேரத்தில் பதிவே வேண்டாம்.

பேசும்போது ஆடாசிட்டி மீட்டரில் குரல் -12-க்கும் -6-க்கும் நடுவில் ஆடட்டும். 0-வைத் தொட்டால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுவிடும். அதை ஒட்டவைக்கும் கருவி ஒன்று மெனுவில் இருக்கிறது. சின்னச் சிராய்ப்புக்கு ஆகும், பெரிய வெட்டுக்கு ஆகாது. பேசத் தொடங்குமுன் அசையாமல் அரை நிமிடம் சும்மா உட்கார்ந்திருங்கள், அதுவும் பதிவாகட்டும். அறையின் அந்த மௌனம் பின்னால் ரொம்பப் பயன்படும்.

இவ்வளவும் செய்த பிறகும் மாப்பிள்ளை மைக் வாங்கியே தீருவேன் என்றால், சில நூறு ரூபாய்க்கு வரும் வயர் வைத்த காலர் மைக் போதும். புடவைத் தலைப்பு உரசாத இடமாகப் பார்த்து மாட்டுங்கள். செல்போனுக்கான முனையும் லேப்டாப்புக்கான முனையும் எப்போதும் ஒத்துப்போகாது. கடையிலேயே செருகிப் பார்த்து வாங்குங்கள்.

ஆடாசிட்டி உண்மையிலேயே இலவசமா? ஒருநாள் திடீரென்று பணம் கட்டு என்று கேட்குமா? அதை யாரோ வாங்கிவிட்டார்கள், நம் தகவலைத் திருடுகிறது என்று நண்பர் பயமுறுத்துகிறார்.
- வாசகர், திருநெல்வேலி

இலவசம்தான். 1999-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டானன்பர்க் இருவரும் தொடங்கி 2000-இல் வெளியிட்டது. மூல நிரல் திறந்தே கிடக்கிறது. 2021-இல் மியூஸ் குரூப் என்ற நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. தகவல் சேகரிப்பு பற்றி அந்த ஆண்டே பெரிய சலசலப்பு எழுந்தது; நிறுவனம் விளக்கம் சொல்லி, தனியுரிமைக் கொள்கையைத் திருத்தி எழுதியது. உங்கள் குரல் உங்கள் கணினியில்தான் பதிவாகிறது. நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு: தேடலில் வரும் ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கிக்கொள்கிறார்களே, அதற்குத்தான். ஆடாசிட்டியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்கள் அதிலேயே வரும் கராஜ்பேண்டில் தொடங்கலாம். எதில் தொடங்கினாலும் வெட்டுவது, ஒட்டுவது, ஏற்றுவது, இறக்குவது இந்த நான்குதான்.

நானும் நண்பனும் சினிமா பற்றி உரையாடி வெளியிடுகிறோம். "ம்", "வந்து", "அதாவது", மூச்சு எல்லாவற்றையும் விடாமல் வெட்டுகிறேன். ட்ரங்கேட் சைலன்ஸ் போட்டு இடைவெளிகளையும் சுருக்கினேன். 40 நிமிடம் 26 ஆனது. ஆனால் கேட்டவர்கள் மூச்சு முட்டுகிறது என்கிறார்கள். எங்கே தப்பு?
- கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

தம்பி, மூச்சை வெட்டினால் மூச்சு முட்டத்தான் செய்யும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தொகுப்பு என்றால் பிளேடு. கால் அங்குல டேப், வினாடிக்கு ஏழரை அங்குலம் ஓடும். ஒரு வினாடிப் பேச்சு என்றால் 19 சென்டிமீட்டர் டேப். மூச்சு ஒன்று கட்டைவிரல் நீளம் இருக்கும், கண்ணால் அளக்கலாம். வெட்டிய மூச்சுத் துண்டை யாரும் குப்பையில் போட மாட்டோம், மேசை விளிம்பில் ஒட்டிவைப்போம். வாக்கியம் இடிக்கும் இடத்தில் திரும்ப வைக்கத் தேவைப்படும். கணினியில் டெலீட் அடிப்பது சுலபமாகிவிட்டதால் அந்தச் சிக்கனம் போய்விட்டது.

வாக்கியத்துக்கு முன்னால் வரும் மூச்சு, பேசுபவர் எதையோ சொல்ல வருகிறார் என்று கேட்பவரைத் தயார்ப்படுத்துகிறது. அது ரொம்பப் பெரிதாகக் கேட்டால் வெட்டாதீர்கள். அந்தத் துண்டை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒலியளவை ஏற்றி இறக்கும் ஆம்ப்ளிஃபையில் -6 அல்லது -8 டெசிபல் இறக்குங்கள். வெட்டியே ஆகவேண்டிய இடத்தில் சுத்த சூனியத்தை வைக்காமல், தொடக்கத்தில் பதிவு செய்த அறை மௌனத்திலிருந்து ஒரு துண்டை ஒட்டுங்கள். சூனியத்தை வைத்தால் ஒவ்வொரு இடத்திலும் கரன்ட் போய் வந்தது போலத் தெரியும்.

இனி வெட்டும் இடம். "நாங்க அன்னைக்கு வந்து... வந்து... சித்தப்பா வீட்டுக்குப் போனோம்." உங்கள் பதிவில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது. இரண்டு "வந்து"வையும் எடுத்துவிட்டீர்கள். "அன்னைக்கு" என்பதன் வாலும் "சித்தப்பா"வின் தலையும் மோதிக்கொள்கின்றன. ஒன்றை விடுங்கள். முதல் "வந்து"வை வைத்துக்கொண்டு, அதன் பின்னால் வரும் இடைவெளி தொடங்கி இரண்டாவது "வந்து" முடியும்வரை தேர்ந்தெடுங்கள். இன்னும் டெலீட் அடிக்காதீர்கள். விசைப்பலகையில் ஆங்கில "சி" (C) எழுத்தைத் தட்டுங்கள். தேர்ந்தெடுத்ததைத் தாண்டி, வெட்டியபின் எப்படிக் கேட்குமோ அப்படியே ஓட்டிக் காட்டும். காதுக்குச் சரியென்றால் பிறகு டெலீட். இந்த ஒரு விசை தெரியாமல் கன்ட்ரோல் இசட் அடித்தே விரல் தேய்ந்தவர்கள் பலர்.

வெட்டுக்கு நல்ல இடம் எது என்று கேட்டால், பள்ளிக்கூடத்தில் படித்த வல்லினம் மெல்லினத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள் என்பேன். கன்ட்ரோல் 1 அழுத்திப் பெரிதாக்கி "சித்தப்பா" என்ற சொல்லைப் பாருங்கள். மூன்று மேடு தெரியும். நடுவில் இரண்டு தட்டையான இடம். அந்தத் தட்டைதான் "த்", "ப்". வல்லினம் இரட்டிக்கும்போது நாக்கோ உதடோ ஒரு கணம் காற்றை அடைத்துக்கொள்கிறது. அந்தக் கணத்தில் ஒலியே இல்லை. சொல்லின் முதலில் வரும் க, த, ப-வுக்கு முன்னாலும் அதே அடைப்பு உண்டு. அங்கே வெட்டினால் ஆண்டவனுக்கும் தெரியாது. ம, ன, ல, ழ மாதிரி எழுத்துகள் முன்னும் பின்னும் உள்ள உயிரோடு ஒட்டிக்கொண்டே போகும். அவற்றின் நடுவே பிளேடு வைத்தால் "டிக்" என்று கேட்கும்.

இன்னொன்று, தமிழுக்கே உரியது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் நிற்கிறது. யார், எப்போது, செய்தாரா இல்லையா எல்லாம் அந்தக் கடைசி அசையில். பேசும்போது அந்த இடத்தில்தான் குரலும் தேய்கிறது. பேச்சுத் தமிழில் "வந்தான்" என்பதில் னகரம் முழுதாக வராது, மூக்கில் லேசாகக் கரைந்து நிற்கும். "வந்தாள்" வெறும் "வந்தா". நாய்ஸ் கேட் என்ற கருவியைப் போட்டு அமைதியான இடங்களை மூடச் சொன்னால், அந்த மூக்கொலி தேயும் முன்பே கதவைச் சாத்திவிடும். அவன் வந்தது அவள் வந்ததாகிவிடும்! ட்ரங்கேட் சைலன்ஸும் கடுமையாக வைத்தால் இதே சேட்டை செய்யும். அதன் வரம்பை -40 டெசிபலுக்குக் கீழே இறக்குங்கள். ஒரு வினாடிக்கு மேற்பட்ட மௌனத்தை மட்டும் அரை வினாடிக்குச் சுருக்கச் சொல்லுங்கள். அதுவே போதும்.

"ம்" எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். நண்பர் யோசித்துவிட்டுச் சொல்கிறார் என்று கேட்பவருக்குத் தெரியவேண்டிய இடமும் உண்டு. 40 நிமிடம் 34-இல் நின்றால் நான் சந்தோஷப்படுவேன்.

நாய்ஸ் ரிடக்‌ஷன் செய்தால் இரைச்சல் போகிறது. ஆனால் குரல் தகர டப்பாவிலிருந்து வருவது போல ஆகிவிடுகிறது. 24, 30 என்றெல்லாம் வைத்துப் பார்த்துவிட்டேன்.
- வாசகர், ஈரோடு

30 வைத்தால் ஆகும்தான். இரைச்சலும் குரலும் ஒரே அலைவரிசைகளில் கலந்திருக்கின்றன. செயலி ஒன்றைப் பிடுங்கும்போது மற்றதன் வேரும் வருகிறது.

குரல் இல்லாத இரண்டு மூன்று வினாடியைத் தேர்ந்தெடுங்கள். (அந்த அரை நிமிட மௌனம், பார்த்தீர்களா!) நாய்ஸ் ரிடக்‌ஷனுக்குள் போய் "கெட் நாய்ஸ் ப்ரொஃபைல்" அழுத்துங்கள். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து, மறுபடி உள்ளே போய்க் குறைப்பு அளவை 6 வைத்துக் கேளுங்கள். போதவில்லையா, 9. அதிகபட்சம் 12. "ரெசிட்யூ" என்று ஒரு தேர்வு இருக்கிறது. எதைப் பிடுங்கி எறியப்போகிறதோ அதை மட்டும் ஒலிக்கவிட்டுக் காட்டும். அதில் உங்கள் சொற்கள் கேட்டால் குரலையும் சேர்த்து எறிகிறீர்கள் என்று அர்த்தம். உடனே இறக்குங்கள்.

இதற்கு முன்னால், அடித்தொனிச் சத்தத்தை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் ஒருமுறை போடுங்கள். பெண் குரலுக்கு 100 வரை போகலாம். மேசை அதிர்வு, தூரத்து லாரி எல்லாம் அதிலேயே பாதி போய்விடும்.

மின்விசிறிபோலச் சீராக ஓடும் சத்தத்துக்குத்தான் இந்த வைத்தியம். நாய் குரைத்தது, கீரைக்காரம்மா கூவியது இதெல்லாம் போகாது. அந்த வாக்கியத்தைத் திரும்பப் பேசுவதுதான் வழி. ஒரே பொத்தானில் குரலைச் சுத்தம் செய்து தரும் இணையக் கருவிகளையும் கேட்கிறார்கள். இரைச்சலை அபாரமாக எடுக்கின்றன. ஆனால் அழுத்திப் பயன்படுத்தினால் தெளிவில்லாத அசையைத் தாமாகவே ஊகித்து நிரப்புகின்றன. அவை கைவைத்த பதிவில் "வாழை" வேறு என்னவோவாக மாறியதைக் கேட்டேன். வரிக்கு வரி கேட்டுப் பார்க்கப் பொறுமை இருந்தால் பயன்படுத்துங்கள்.

நான் சென்னையில், தோழி யாழ்ப்பாணத்தில். ஜூமில் பேசிப் பதிவு செய்கிறோம். என் குரல் நன்றாக இருக்கிறது, அவள் குரல் அவ்வப்போது அறுந்துபோகிறது.
- வாசகி, சென்னை

இணையத்தில் வந்த குரலைப் பதிவு செய்யாதீர்கள். ஜூமில் பேசுங்கள், ஆனால் அவரவர் குரலை அவரவர் இடத்தில், அவரவர் கருவியில் தனியாகப் பதிவு செய்யுங்கள். இருவருக்கும் இயர்போன் கட்டாயம். இல்லாவிட்டால் உங்கள் குரல் அவர் ஸ்பீக்கரில் ஒலித்து அவர் மைக்கில் ஏறிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. தொடங்கும்போது "மூன்று, இரண்டு, ஒன்று" எண்ணி இருவரும் ஒரு கைதட்டு. அந்தக் கைதட்டு இரண்டு பதிவிலும் ஊசியாகத் தெரியும். ஆடாசிட்டியில் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டு, ஊசிகளை நேர்ப்படுத்தினால் உரையாடல் தயார். இணையத் தாமதத்தால் கைதட்டுகள் கொஞ்சம் தள்ளித்தான் விழும். காதால் கேட்டு இழுத்துச் சரிசெய்யுங்கள்.

அரை மணி நேரம் போனபின் பதில் வரும் நேரம் லேசாகப் பிசகுவதாகத் தோன்றினால் பிரமை இல்லை. ஒவ்வொரு கருவியின் உள் கடிகாரமும் துளி வேறுபடும். ஒரு மணி நேரத்தில் ஒரு வினாடியின் சிறு பங்கு விலகலாம். நடுவில் ஒரு மௌனத்தில் கன்ட்ரோல் ஐ அழுத்திப் பிளந்து, பின்பகுதியைக் கொஞ்சம் நகர்த்தினால் சரியாகிவிடும்.

தோழி கோப்பை அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக வேண்டாம், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்தால் ஃப்ளைட் மோடில் போட்டு வைஃபையை மட்டும் திறந்துகொள்ளச் சொல்லுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு அங்கேயே நின்றுவிடும்.

தொடக்கத்தில் முப்பது வினாடி சினிமாப் பாட்டு போட்டால் காப்பிரைட் வராதாமே?
- வாசகர், மதுரை

முப்பது வினாடி விதி என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது. எல்லோரும் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி உண்மையாகிவிட்டது. 1957-ஆம் ஆண்டு இந்தியக் காப்பிரைட் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான பிறகு 60 ஆண்டு உரிமை. பாடல் வரிக்கும் இசைக்கும் தனி. எழுதியவர் மறைந்த பிறகு 60 ஆண்டு. தியாகராஜர் மறைந்தது 1847-இல். அவர் கீர்த்தனை யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் போன வருஷம் ஒருவர் பாடி வெளியிட்ட பதிவு அவருக்கோ அந்த நிறுவனத்துக்கோ சொந்தம். மதுரையில் நாகஸ்வரத்துக்கும் மோர்சிங்குக்கும் பஞ்சமா? தெரிந்த கலைஞரிடம் அரை நிமிடம் வாசிக்கச் சொல்லி, சம்பளம் கொடுத்து, பயன்படுத்தலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் நிகழ்ச்சிக்கே உரிய இசையாக இருக்கும்.

குரலுக்கு அடியில் இசை ஓடவேண்டும் என்றால், பேச்சு வரும்போது இசையைத் தானாக இறக்கும் ஆட்டோ டக் இருக்கிறது. இசை மேல் டிராக்கில், குரல் அதற்கு நேர் கீழே. வரிசை மாறினால் வேலை செய்யாது.

பஸ்ஸில் கேட்டால் எங்கள் பாட்காஸ்ட் மட்டும் மெதுவாகக் கேட்கிறது. ஆம்ப்ளிஃபை செய்தால் வெடிக்கிறது.
- வாசகி, சேலம்

சிரிப்பு ஒன்று உச்சியைத் தொட்டுவிட்டால் ஆம்ப்ளிஃபைக்கு மேலே இடமில்லை. முதலில் கம்ப்ரெஸ்ஸரில் 3:1 அளவில் மேடுகளைத் தணியுங்கள். பிறகு மொத்தப் பதிவின் உரப்பையும் ஓர் அளவுக்குக் கொண்டுவரும் லவுட்னெஸ் நார்மலைசேஷன். அதில் தானாக இருப்பது -23 எல்யுஎஃப்எஸ் (அந்த உரப்பை அளக்கும் அலகு); அது ஐரோப்பிய ஒளிபரப்புக்கான அளவு. பாட்காஸ்டுக்கு ஆப்பிள் சொல்வது -16, உச்சி -1 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஆகவே -16 என்று மாற்றுங்கள். ஒற்றைக் குரல் மோனோ பதிவாக இருந்தால் "ட்ரீட் மோனோ ஆஸ் டூயல் மோனோ" டிக் இருக்கிறதா பாருங்கள். கடைசியில், உச்சியைத் தாண்டவிடாத லிமிட்டர், -1.5 டெசிபலில்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது 320 கிலோபிட் ஸ்டீரியோ எதற்கு? அரை மணி நேரம் 72 எம்பி ஆகும். பேச்சுக்கு மோனோ, 96 கிலோபிட் தாராளம்; 22 எம்பிக்குள் முடிந்துவிடும். கேட்பவர் டேட்டாவும் காசுதானே.

எம்பி3 ஆக்கிவிட்டேன், ஆடாசிட்டி கோப்பை அழித்துவிடலாமா?
- வாசகர், வேலூர்

அழிக்காதீர்கள். ஆடாசிட்டி சேமித்துவைக்கும் ஏயுபி3 கோப்பில்தான் டிராக்குகள் தனித்தனியாக இருக்கின்றன. நாளை ஒரு பெயரைத் தப்பாகச் சொன்னது தெரிந்தால் அங்கேதான் திருத்த முடியும். எம்பி3-ஐத் திறந்து திருத்தி மறுபடி எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும். வெட்டுமுன் இருந்த மூலப் பதிவையும் வேவ் கோப்பாக ஹார்டு டிஸ்கில் தனியாக வையுங்கள். மோனோவில் நிமிடத்துக்கு 5 எம்பிதான்.

எல்லாம் தயார். ஆப்பிளுக்கு, ஸ்பாட்டிஃபைக்கு என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியாக ஏற்ற வேண்டுமா?
- வாசகர், புதுச்சேரி

வேண்டாம். பாட்காஸ்ட் கோப்புகளை வைத்திருந்து வழங்கும் ஹோஸ்டிங் தளம் ஒன்றில் ஏற்றினால் ஓர் ஆர்எஸ்எஸ் முகவரி தரும். அதை மற்ற இடங்களில் ஒருமுறை பதிந்துவிட்டால் அடுத்தடுத்த பகுதிகள் தாமாகப் போய்ச் சேரும். அட்டைப்படம் சதுரமாக, 3000 பிக்ஸல் அகலத்தில் செய்துகொள்ளுங்கள். போனில் அது நகத்தளவுதான் தெரியும். பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

ஊரில் அப்பத்தாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. கதை சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தாது. மைக்கைப் பார்த்தால் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது. பதிவு செய்தாலும் நடுநடுவே நான் "ம்" கொட்டுவது பெரிதாகக் கேட்கிறது. என்ன செய்ய?
- வாசகர், சிவகங்கை

பதிவு செய்யப்போகிறோம் என்று அப்பத்தாவிடம் முதலிலேயே சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். அதன்பின் மைக் என்று ஒன்றைக் கையில் நீட்டாதீர்கள். போனில் ரெக்கார்டரைப் போட்டு, மடித்த துண்டின்மேல், அவர் மடிக்குப் பக்கத்தில் திண்ணையிலேயே வைத்துவிடுங்கள். துண்டு இல்லாவிட்டால் வெற்றிலை இடிக்கும் ஒவ்வொரு இடியும் தரை வழியாக ஏறிவிடும். கதைக்கு முந்தைய பத்து நிமிட ஊர்ப் பேச்சும் ஓடட்டும். அதற்குள் போனை மறந்துவிடுவார்.

வெளிநாட்டுப் பயிற்சிக் குறிப்புகளில், பேட்டி எடுப்பவர் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்ட வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அப்பத்தாவிடம் அதைச் செய்துபார்க்காதீர்கள். "ம்" கொட்ட ஆளில்லாவிட்டால் "தூங்கிட்டியாடா?" என்று கதையை நிறுத்திவிடுவார். போன் அவருக்குப் பக்கத்தில் இருக்கட்டும், நீங்கள் நாலடி தள்ளி உட்கார்ந்து மெல்ல "ம்" கொட்டுங்கள். தூரமே உங்கள் குரலை இறக்கிவிடும். தொகுக்கும்போது, அவர் சொல்லின்மேல் ஏறி விழுந்த "ம்"களுக்கு ஒன்றும் செய்ய முடியாது, விட்டுவிடுங்கள். இடைவெளியில் தனியாக நிற்பதில் உறுத்தும் ஒன்றிரண்டை மட்டும் 6 டெசிபல் இறக்குங்கள். மற்றவை அப்படியே இருக்கட்டும், அதுவும் கதையில் சேர்த்திதான்.